புயல் ரூம் கதவு வளைஞ்சுபோச்சு, ஜூன் 1க்குள்ள சரிபண்ணணும்

மார்ச் 20, 2021. அலபாமா ஃபோலியில இருந்து ஒரு தம்பி கேட்டது:

"அண்ணா, வீடு வாங்கும்போதே கராஜுக்குள்ள ஒரு ஸ்டீல் ஸ்டார்ம் ஷெல்டர், அதான் புயலுக்கு ஒளியிற ரூம், இருந்துச்சு. போன வருஷம் சாலி புயல்ல கராஜ்ல தண்ணி நின்னு கீழ்ப்பக்கம் பூரா துரு, கதவும் வளைஞ்சு தூக்கிப் பிடிச்சாத்தான் மூடுது. ஹேண்டிமேன் ஒருத்தர் 400 டாலருக்கு வேற ஸ்டீல் கதவு மாட்டித் தரேன்றார். பாக்க கெட்டியாத்தான் இருக்கு. மாட்டிரலாமா? புயல் சீசனுக்கு இன்னும் ரெண்டு மாசம் சொச்சம்தான் இருக்கு, வீட்ல கைக்குழந்தை வேற."

மார்ச் 20, சனி ராத்திரி

மாட்டாதீங்க தம்பி. 400 டாலர்னா அது வாசலுக்குப் போடுற சாதாரண ஸ்டீல் கதவாத்தான் இருக்கும். தட்டிப் பாத்தா கெட்டியா கேக்கும், ஆனா ரெண்டு பக்கமும் 24 கேஜ் தகடு, அரை மில்லிமீட்டர் சொச்சம், நடுவுல ஃபோம். ஷெல்டர் கதவுன்னா 14 கேஜ் தகடு, அதவிட மூணு மடங்கு தடிமன். லப்பக்ல டெக்ஸாஸ் டெக் யுனிவர்சிட்டியில ஒரு நீளக் குழாய் வச்சிருக்காங்க, பீரங்கி மாதிரி, 15 பவுண்டு டூ-பை-ஃபோர் மரக்கட்டைய காத்தழுத்தத்துல மணிக்கு 100 மைல் வேகத்துல கதவு மேல அடிச்சுப் பாப்பாங்க. கிட்டத்தட்ட ஏழு கிலோ கட்டை. டொர்னேடோவுல (தரையில சுழண்டு வர்ற சூறைக்காத்து) பறக்கிற கட்டை அந்த வேகத்துல வரும்னு கணக்கு. உங்க ஹேண்டிமேன் சொல்ற கதவுல அது உள்ள பூந்து குழந்தைய வச்சிருக்கிற பக்கம் வந்துரும்.

இன்னொண்ணு, கதவு மட்டும் தாங்கினா பத்தாது. கதவு, நிலை, கீல், தாழ்ப்பாள் எல்லாத்தையும் சேத்து ஒரே செட்டா அடிச்சுப் பாத்திருக்கணும். நல்ல கதவுல சாதாரண தாழ்ப்பாள் போட்டா தாழ்ப்பாள் பிச்சுக்கும். விக்கிறவங்க "ஃபீமா அப்ரூவ்டு"ன்னு சொன்னா நம்பாதீங்க, ஃபீமாங்கிறது பேரிடருக்கான அரசாங்க அமைப்பு, அது எந்தப் பொருளுக்கும் அப்ரூவல் குடுக்கிறதே இல்ல. ஐசிசி 500, அதாவது புயல் ஷெல்டருக்கான தர விதி, அதுபடி டெஸ்ட் பண்ணின ரிப்போர்ட் இருக்கான்னு கேளுங்க, இருந்தா உடனே அனுப்புவாங்க.

முதல்ல ஷெல்டர் செஞ்ச கம்பெனி யாருன்னு பாருங்க. உள்பக்கம் ஒரு தகட்டுல சீரியல் நம்பர் இருக்கும்.

மார்ச் 21, ஞாயிறு

நேத்து எழுதிட்டுத் தூங்க முடியல. ஏன்னா எங்க வீட்டு ஷெல்டர் கதவும் வளைஞ்சுதான் கிடக்கு, ஆறு மாசமா நான் அதத் தொடவே இல்ல. இன்னைக்குக் காலைல மேல அடுக்கி வச்சிருந்த அட்டைப்பெட்டி எல்லாம் எடுத்துட்டுப் பாத்தேன்.

நாங்க டாஃப்னியில, மேட்டுப் பகுதி, கடல் தண்ணி வராது, காத்துதான் பயம். சாலி வந்தது 2020 செப்டம்பர் 16 விடியக்காலம், கல்ஃப் ஷோர்ஸ்ல கரை ஏறிச்சு. 2004ல ஐவன் புயல் வந்ததும் இதே செப்டம்பர் 16, இதே கல்ஃப் ஷோர்ஸ் பக்கம்தான், பதினாறு வருஷம் கழிச்சு அதே தேதி. வெறும் கேட்டகிரி 2 தானேன்னு எல்லாரும் அசட்டையா இருந்தாங்க. ஆனா அது நடக்கிற வேகத்துலதான் நகந்துச்சு, மணிக்கு ரெண்டு மூணு மைல், அதனால அடிச்ச இடத்துலயே நின்னு அடிச்சுச்சு, சில இடத்துல 20 இன்ச்சுக்கு மேல மழை.

ராத்திரி 2 மணிக்கு உள்ள போனோம். நான், வீட்டுக்காரி, பொண்ணு, அப்புறம் பக்கத்து வீட்டுப் பாட்டி, 79 வயசு, தனியா இருக்கிறவங்க, கொரோனா காலம்ங்கிறதால மாஸ்க் போட்டுக்கிட்டு மடியில பூனைக்கூடையோட. 4 அடிக்கு 8 அடி டப்பா. அஞ்சு மணி வாக்குல ஒரு சத்தம், இடி மாதிரி இல்ல, நீளமா கிழியிற சத்தம், அப்புறம் டப்பாவையே யாரோ தோளால இடிச்ச மாதிரி ஒரு ஆட்டம். கொல்லையில இருந்த பீக்கான் மரம் கராஜ் கூரை மேல விழுந்துருச்சு. காத்து அடங்கினப்புறம் கதவத் திறக்கப் பாத்தா ரெண்டு விரல் அளவுதான் திறக்குது. வெளிப்பக்கம் திறக்கிற கதவு, கூரைக் கட்டை பூரா அதுமேல சாஞ்சு கிடக்கு. காரோட ஜாக்கி கார் டிக்கியில, கார் வெளிய. பாட்டியோட பையன் செயின்சாவோட வந்து அறுத்து எடுக்கும்போது மணி ஒன்பதரை.

ஷெல்டர் எங்க நாலு பேரையும் காப்பாத்துச்சு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா கீழ்க் கீல் பெண்டாகி, நடுத் தாழ்ப்பாள் போய் உக்கார்ற துளைக்கு நேரா வரமாட்டேங்குது. இந்தக் கதவு மூணு இடத்துல பூட்டணும், இப்ப ரெண்டு இடத்துலதான் பூட்டுது.

தம்பி, நீங்க கேக்கலன்னா இன்னும் தள்ளிப்போட்டிருப்பேன். ரெண்டு பேரும் சேந்தே பண்ணுவோம்.

மார்ச் 26

நேத்து அலபாமா வடக்குப் பக்கம் டொர்னேடோ வரிசையா வந்து அடிச்சுச்சு, கால்ஹூன் கவுண்டியில அஞ்சு பேர் போயிட்டாங்க. ஹரிகேன், அதாவது கடல்ல இருந்து வர்ற பெரும்புயல், அதோட சீசன் ஜூன்ல இருந்து நவம்பர் 30 வரைக்கும்தான், ஆனா இந்த ஸ்டேட்ல ஷெல்டர் வருஷம் பூரா வேணும். ஜூன் 1ன்னு தேதி வச்சுக்கிட்டு உக்காராதீங்க.

மார்ச் 28

ஒரு சகோதரி கேட்டிருந்தாங்க, "ஸ்டிக்கர்ல எட்டு பேர்னு போட்டிருக்கு, மாமனார் மாமியார் வந்தா ஆறு பேர் ஆவோம், போதும்தானே?" இல்லம்மா, இத நிறைய பேர் கவனிக்கிறதில்ல. வீட்டு ஷெல்டருக்கு டொர்னேடோ கணக்கு ஆளுக்கு 3 சதுர அடி, உள்ள ரெண்டு மணி நேரம் இருப்போம்னு வச்சு. ஹரிகேனுக்கு ஆளுக்கு 7 சதுர அடி, 24 மணி நேரம்னு வச்சு. எங்க டப்பா 32 சதுர அடி. டொர்னேடோவுக்கு பத்து பேர், ஹரிகேனுக்கு நாலே பேர். சாலியில நாங்க நாலு பேர் ஏழரை மணி நேரம் இருந்தோம், அதுக்கே கால் நீட்ட முடியாம பாட்டிக்கு முட்டி வீங்கிருச்சு. அந்த ஏழு சதுர அடி எதுக்குன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு. ஆறு பேர்னா உங்களுக்கு 42 சதுர அடி வேணும், டேப் வச்சு உள்ளளவு எடுத்துப் பாருங்க.

ஏப்ரல் 4, ஈஸ்டர் ஞாயிறு

சோதனை பண்ணினேன். ராத்திரி கராஜ் லைட்ட எல்லாம் போட்டுட்டு உள்ள போய் கதவ மூடிக்கிட்டு இருட்டுல நின்னா வெளிச்சம் எங்கெங்க கசியுதுன்னு தெரியும். காத்தோட்டத் துளை தவிர வேற எங்கயும் கோடு தெரியக்கூடாது. எங்களுக்குக் கீழ்க் கீல் பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு வெளிச்சம். அப்புறம் நிலையோட ரெண்டு மூலைக்கும் நூல் கட்டிப் பாத்தேன், நிலையே நடுவுல கால் இன்ச்சுக்கு மேல உள்ள வளைஞ்சிருக்கு. அப்ப கதவ மட்டும் மாத்தி பிரயோஜனம் இல்ல, செட்டாத்தான் மாத்தணும்.

தரையில இருக்கிற போல்ட்டையும் பாருங்க. மொத்தம் பதினாறு, அதுல ரெண்டு ஸ்பேனர் வச்சுத் திருப்பினா இறுகாம சும்மா சுத்துது. மரம் இடிச்சப்போ கான்கிரீட்டுக்குள்ள பிடிப்பு விட்டிருக்கு. பக்கத்துலயே ஒரு இன்ச் தள்ளிப் புதுத் துளை போட்டு அதே சைஸ் போல்ட் இறக்கிரலாம்னு நினைக்கிறேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க.

ஏப்ரல் 10

போன வாரம் சொன்னது தப்பு, தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. ஷெல்டர் செஞ்ச கம்பெனி இஞ்சினியர்கிட்ட ஃபோன்ல பேசினேன். பழைய துளைக்கு ஒரு இன்ச் பக்கத்துல புதுத் துளை போட்டா நடுவுல இருக்கிற கான்கிரீட் ஏற்கனவே நொறுங்கினது, இழுத்தா கூம்பு மாதிரி மொத்தமா பேத்துக்கிட்டு வந்துரும். பழைய துளைய சுருங்காத க்ரவுட் (சிமெண்ட் கலவை) ஊத்தி அடைச்சிட்டு, போல்டுக்கு எவ்வளவு இடைவெளின்னு அவங்க போட்டிருக்காங்களோ அவ்வளவு தள்ளித்தான் போடணும், தளத்தோட ஓரத்துல இருந்தும் தூரம் இருக்கணும். எங்களுக்கு எப்பாக்ஸி பசை ஊத்தி நடுற மாதிரி நீள கம்பி போல்ட் அனுப்புறாங்க. துளைய ஊதி, பிரஷ் போட்டுத் தேச்சு, திரும்ப ஊதி, தூசி இல்லாம ஆக்கிட்டுத்தான் எப்பாக்ஸி ஊத்தணும், தூசி இருந்தா துளையோட சுவத்துல ஒட்டாது.

கராஜ் தளத்துல "போஸ்ட் டென்ஷன்"னு முத்திரை குத்தியிருந்தா துளையே போடாதீங்க. உள்ள முறுக்கி இழுத்துவச்ச கேபிள் ஓடும், ட்ரில் பட்டா அறுந்து ஆளையே அடிக்கும். டெக்ஸாஸ்ல இருக்கிறவங்க ரொம்ப கவனிங்க, அங்க இந்த மாதிரித் தளம் நிறைய.

யாராவது என் நாலாம் தேதிக் குறிப்ப நம்பி துளை போட்டிருந்தா சொல்லுங்க, அடுத்து என்ன பண்றதுன்னு கேட்டுச் சொல்றேன்.

ஏப்ரல் 18

துரு. ஃபோலி தம்பி அனுப்பின படம் பாத்தேன். கம்பி பிரஷ் போட்டு நல்லா தேய்ங்க, அப்புறம் ஸ்க்ரூட்ரைவர் முனையால அழுத்திக் குத்துங்க. பளபளன்னு இரும்பு தெரிஞ்சா மேல்துரு, ஜிங்க் பிரைமர் ரெண்டு கோட்டு அடிச்சு பெயிண்ட் அடிச்சா போதும். பக்கோடா மாதிரி ஏடு ஏடா உரிஞ்சு குழி விழுந்தா தகடு போச்சு, பெயிண்ட் அடிச்சு மூடாதீங்க, அழகா தெரியும் ஆனா பலம் இருக்காது. குறிப்பா தரைய ஒட்டி இருக்கிற அடிச்சட்டமும் போல்ட் துளையச் சுத்தியும். காத்து ஷெல்டர மேல தூக்கப் பாக்கும்போது பாரம் பூரா அங்கதான் வரும்.

இன்னொண்ணு, அடிச்சட்டத்துக்கும் தரைக்கும் நடுவுல சிலிக்கான் வச்சு நாலு பக்கமும் அடைக்கிறாங்க. தண்ணி உள்ள வராதுன்னு நினைக்கிறாங்க, ஆனா வந்த தண்ணி வெளிய போகாம உள்ளயே நின்னு அரிக்கும். எங்க வீட்ல முன்னாடி இருந்தவங்க அப்படித்தான் அடைச்சிருந்தாங்க. நான் சுரண்டி எடுத்துட்டேன், உள்ள இருந்து தேத்தூள் மாதிரி துரு ஒரு கை கொட்டுச்சு.

மே 2

கதவு செட் ஆர்டர் பண்ணி மூணு வாரம் ஆச்சு, இன்னும் வரல. ஸ்டீல் விலையும் ஏறிக்கிடக்கு, மர விலையக் கேக்கவே வேணாம், கராஜ் கூரைக்கு அக்டோபர்ல குடுத்த கொட்டேஷன விட இப்ப ரெண்டு மடங்கு கேக்கிறாங்க. சாலி முடிஞ்சு ஆறு வாரத்துல ஜீட்டா புயலும் வந்துட்டுப் போனதுல இந்தப் பக்கம் ஒரு ஆளு கிடைக்கல, இன்னும் நீலத் தார்ப்பாய் போட்ட கூரை இருக்கு.

டாஃபின் தீவுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வீடு வாங்கினவர் ஒருத்தர், கராஜுக்குள்ள தரைக்கடியில ஷெல்டர் போட்டிருக்கு, ரப்பர் பட்டை கிழிஞ்சு தண்ணி வருது, மாத்தினா ஹரிகேனுக்கு ஆகுமான்னு கேட்டிருக்கார். ஐயா, உங்க இடம் கடல் தண்ணி ஏறுற இடம். அங்க தரைக்கடியில உக்கார்றது கிணத்துக்குள்ள இறங்கி உக்கார்ற மாதிரி. ரப்பர் மாத்தினாலும் வேணாம். கணக்கு போட்டுப் பாருங்க: 6 அடி அகலம் 8 அடி நீளம் 6 அடி ஆழம்னா 288 கன அடி. ஒரு கன அடி தண்ணி 62.4 பவுண்டு. மண்ணு பூரா ஊறிட்டா அந்தப் பெட்டிய 18,000 பவுண்டு விசையோட தண்ணி மேல தள்ளும். நல்லா கான்கிரீட்ல பிடிச்சுக் கட்டலன்னா காலி டிரம் மாதிரி மிதந்து மேல வந்துரும், கதவுப் பக்கம் கோணிக்கிச்சுன்னா திறக்க முடியாது.

காத்துல இருந்து ஒளிஞ்சுக்கலாம், தண்ணியில இருந்து விலகித்தான் போகணும். கவுண்டியில உங்க வீடு எந்த எவாக்குவேஷன் ஜோன்னு பாருங்க, கிளம்பச் சொன்னா ஷெல்டர் இருக்குன்னு உக்காராதீங்க. எங்க வீட்டுக்கு வாங்க, டாஃப்னி மேடுதான், மனசாரச் சொல்றேன்.

மே 3

அவர் கொஞ்சம் வருத்தப்பட்டுட்டார்னு தெரியுது, முந்தின ஓனர் அதக் காட்டித்தான் வீட்ட வித்தாராம். உங்கமேல தப்பில்ல ஐயா. ஜனவரி, பிப்ரவரி மாசத்துல திடீர்னு டொர்னேடோ வந்தா அது உதவும், கடல் தண்ணி அப்ப வராது. அதனால ரப்பர மாத்திக்கங்க. ஹரிகேனுக்கு மட்டும்தான் வேணாங்கிறேன். நேத்து மொத்தமா "வேணாம்"னு எழுதினது அதிகம்.

மே 15

இன்னைக்குல இருந்து நேஷனல் ஹரிகேன் சென்டர் தினசரி அறிக்கை ஆரம்பிக்குது. இத்தன வருஷமா ஜூன் 1ல ஆரம்பிப்பாங்க, இந்த வருஷத்துல இருந்து ரெண்டு வாரம் முன்னாடி. போன வருஷம் 30 புயலுக்குப் பேர் வச்சு, பேர் தீந்து கிரேக்க எழுத்துக்குப் போனாங்களே, அந்த வழக்கத்தையும் நிறுத்திட்டாங்க.

ஊர்ல லாக்டவுன். அம்மாகிட்ட தினம் பேசுறேன், பேராவூரணி பக்கம். கதவு வந்துச்சாடான்னு கேட்டாங்க. அவங்களுக்கு இது எப்படிப் புரியும்னு யாரும் நினைக்க வேணாம், 2018 நவம்பர் 16 கஜா ராத்திரி அவங்க தனியாத்தான் இருந்தாங்க. ஓட்டு வீடு. ஓடு பறக்க ஆரம்பிச்சதும் கொல்லைப்பக்கம் பாத்ரூமுக்குள்ள போய்ட்டாங்க, அது மட்டும்தான் கான்கிரீட் தளம் போட்டது. சுவரும் தளமும் அசையல. தகரக் கதவுதான் பிச்சுக்கிட்டுப் போகப் பாத்திருக்கு. கிணத்துத் தாம்புக்கயிறு உள்ள கிடந்திருக்கு, அத கொண்டியில போட்டு பைப்புல ரெண்டு சுத்து சுத்தி விடியிற வரைக்கும் கையில பிடிச்சுக்கிட்டே நின்னிருக்காங்க. உள்ளங்கையில அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. விடிஞ்சு பாத்தா அப்பா வச்ச 120 தென்னையில பதினொண்ணு நிக்குது.

நான் அன்னைக்கு இங்க இருந்து ஃபோன் அடிச்சு அடிச்சுப் பாத்தேன், மூணு நாள் கழிச்சுத்தான் லைன் கிடைச்சுச்சு. மறுவருஷம் போனப்போ அந்தத் தகரத்தக் கழட்டிட்டு இரும்புக் கதவு போட்டு, சுவத்துக்குள்ள ரெண்டு பக்கமும் கொண்டி பதிச்சு, குறுக்க ஒரு கம்பி போட்டுக்கிற மாதிரி செஞ்சுட்டு வந்தேன். ஊர்ல அத அவ்வளவு சுருக்கா பண்ணினவன் இங்க என் வீட்டுக் கதவ ஆறு மாசம் அப்படியே போட்டிருந்தேன், அதுதான் எனக்கு மனசு ஆறல.

மே 23

கதவு வந்துருச்சு! நிலையோட சேத்து 1,450 டாலர், லாரிக் கூலி தனி. நாலு பேர் பிடிச்சுத்தான் இறக்கினோம். பாட்டியோட பையன், ஃபோலி தம்பி, தம்பியோட மச்சான், நான். தம்பிய இன்னைக்குத்தான் நேர்ல பாக்கிறேன், வீட்டுக்காரி கைக்குழந்தையோட வந்திருந்தாங்க.

இந்த செட் உள்பக்கம் திறக்கிறது. உள்ள கொஞ்சம் இடம் போகும், ஆனா வெளிய என்ன விழுந்து கிடந்தாலும் திறந்து கையால தள்ளி வழி பண்ணிக்கலாம். உள்ள திறக்கிற கதவுக்கும் தனியா டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கான்னு பாத்துத்தான் வாங்கினேன். வெளிய திறக்கிற கதவ நீங்களா திருப்பி மாட்டாதீங்க, காத்து தள்ளுற பக்கம் மாறுது, தாழ்ப்பாள் மேல வர்ற பாரமும் மாறும்.

எப்பாக்ஸி போல்ட் நேத்தே நட்டாச்சு. டப்பால போட்டிருக்கிற நேரம் முழுசா ஆகட்டும், அதுக்கு முன்னாடி முறுக்கக்கூடாது. டார்க் ரெஞ்ச்ல (எவ்வளவு விசைல முறுக்குறோம்னு காட்டுற ஸ்பேனர்) கம்பெனி சொன்ன அளவு வச்சு முறுக்கணும், கை போற போக்குல இழுத்தா பிடிப்பு விட்டுரும்.

மே 24

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. கராஜ் கதவு. வீட்லயே பெரிய ஓட்டை அதுதான், அது உள்ள மடங்கினா காத்து உள்ள பூந்து கூரைய அடியில இருந்து தூக்கும், தூக்கின கூரை ஷெல்டர் மேலதான் விழும். காத்துக்கு ரேட்டிங் உள்ள கதவா பாத்து மாத்துங்க, இல்லன்னா அந்தக் கதவுக்குன்னு விக்கிற தாங்குக்கட்டை கிட் போடுங்க. கூரைக்கு ஸ்டேட்ல "ஸ்ட்ரெங்தன் அலபாமா ஹோம்ஸ்" திட்டத்துல 10,000 டாலர் வரைக்கும் மானியம் குடுக்கிறாங்க, விண்ணப்பம் எப்ப திறக்குதுன்னு பாத்துக்கிட்டே இருங்க, நானும் காத்துக்கிட்டிருக்கேன்.

ஜூன் 1

மூணு தாழ்ப்பாளும் உக்காருது. இருட்டுல நின்னு பாத்தேன், ஒரு கோடு வெளிச்சம் இல்ல.

ஜூன் 12

உள்ள என்ன வச்சிருக்கீங்கன்னு கேட்டவங்களுக்கு. தண்ணி, பாட்டி முட்டிக்கு ஒரு மடக்கு ஸ்டூல், ஜாக்கி, கடப்பாரை, ரம்பம், விசில், கையால சுத்துற ரேடியோ, மாத்திரை டப்பா, மூடி போட்ட பக்கெட்டு, எல்லாருக்கும் ஷூ. ஷூவ மறக்காதீங்க, வெளிய வந்து கால் வைக்கிற இடம் பூரா ஆணியும் கண்ணாடியும்தான். பூனைக்கு ஒரு துண்டு, அது என் பொண்ணு எழுதிச் சேத்தது.

கரண்ட் போச்சுன்னா ஜெனரேட்டர கராஜ்ல ஓட்டாதீங்க, கதவ திறந்து வச்சாலும் வேணாம். வாசல், ஜன்னல் எதுல இருந்தும் 20 அடியாவது தள்ளி வெளிய வைங்க. அந்தப் புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, போன வருஷம் லாரா புயல்ல லூசியானாவுல காத்தும் தண்ணியும் விட்டுவச்சவங்கள இது கொண்டு போச்சு. ஷெல்டரும் கராஜும் ஒண்ணா இருக்கிற நம்ம மாதிரி வீட்ல இன்னும் ஆபத்து.

ஜூன் 20, ஞாயிறு

நேத்து க்ளாடெட். பெரிய புயல் இல்ல, ட்ராப்பிக்கல் ஸ்டார்ம்தான், லூசியானாவுல ஏறி இந்தப் பக்கம் வந்துச்சு. விடிகாலைல ரேடியோ டொர்னேடோ வரலாம்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. எங்க வீதிக்குன்னு எச்சரிக்கை வரல, இருந்தாலும் பாட்டியக் கூட்டிட்டு வந்து நாலு பேரும் உள்ள போயிட்டோம். கைப்பிடிய ஒரு இழு இழுத்தா மூணு தாழ்ப்பாளும் டக்குனு ஒண்ணா விழுந்துச்சு. பாட்டி ஸ்டூல்ல உக்காந்து கால நீட்டிக்கிட்டாங்க, பூனை துண்டுல படுத்துக்குச்சு. ஒன்றரை மணி நேரம் இருந்துட்டு வெளிய வந்தோம், கொல்லையில நாலு கிளை விழுந்ததோட சரி.

அப்புறம்தான் செய்தி பாத்தோம், வடகிழக்க எஸ்காம்பியா கவுண்டியில ஈஸ்ட் ப்ரூட்டன்ல ட்ரெய்லர் வீடுங்க இருந்த இடத்த டொர்னேடோ அடிச்சிருச்சுன்னு. அங்க ஒளிய இடமே கிடையாது. அடுத்த சனிக்கிழமை சாமான் கொண்டு போய்க் குடுக்கலாம்னு இருக்கோம், இந்தப் பக்கம் இருக்கிறவங்க வர்றதுன்னா சொல்லுங்க, வேனில இடம் இருக்கு.

ஃபோலி தம்பி, உங்க கதவு 26ஆம் தேதி வருதுன்னீங்க, அன்னைக்கு சனிக்கிழமை, சாமான் குடுக்கப் போறோம், அதனால மாட்டுறத மறுநாள் ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாம். எப்பாக்ஸி துப்பாக்கி என்கிட்ட இருக்கு, வாங்க வேணாம். எங்க நடுத் தாழ்ப்பாள் மழை ஈரத்துல லேசா இறுக்கமா இருக்கு, அதுக்கு கிராஃபைட் பவுடர் மட்டும் வர்ற வழியில ஒரு டப்பா வாங்கிட்டு வாங்க.